கப்பல் பதிவேட்டில் நம் ஊர்

தென்னாப்பிரிக்காவில் டிசம்பர் மாதம் கோடைக்காலம். அங்குள்ள பள்ளிகள் அம்மாதத்தின் நடுவில் மூடி, ஜனவரி நடுவில்தான் மீண்டும் திறக்கின்றன. அந்த இடைவெளியில் டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க் முதலிய நகரங்களிலிருந்து இந்திய வம்சாவளிக் குடும்பங்கள் சென்னையில் வந்து இறங்குவது சில பத்தாண்டுகளாக நடந்துவருகிறது. காஞ்சிபுரத்தில் பட்டு, நாகூரில் ஜியாரத், தியாகராய நகரில் துணிமணி என்று நாள்கள் கழிந்தபின், அவர்களுள் சிலர் ஒரு வாடகைக் காரை அமர்த்திக்கொண்டு செங்கல்பட்டு, காஞ்சிபுரம், ராணிப்பேட்டை, வேலூர் மாவட்டங்களின் உட்பகுதிகளுக்குப் புறப்படுகின்றனர். கையில் ஒரு தாள் இருக்கும். அதில் ஒரு பெயர், தந்தையின் பெயர், வயது, உயரம், உடலில் உள்ள தழும்பு அல்லது மச்சம், ஜில்லா, தாலுகா, கிராமம், எல்லாவற்றுக்கும் மேலாக ஓர் எண்.

ஜில்லா என்னும் இடத்தில் செங்கல்பட்டு என்றும், தாலுகா என்னும் இடத்தில் மதுராந்தகம் என்றும் இருந்தால், வருகிறவர் நேரே மதுராந்தகத்துக்குப் போய் விசாரிப்பார். அவர் தேடும் ஊர் அங்கே இல்லாமலும் போகலாம். ஏனெனில், ஆங்கிலேயர் காலத்தில் உத்திரமேரூரும் அதைச் சூழ்ந்த சிற்றூர்களும் செங்கல்பட்டு ஜில்லா, மதுராந்தகம் தாலுகாவைச் சேர்ந்தவை. 1997இல் காஞ்சிபுரம் தனி மாவட்டமாயிற்று. 2019இல் செங்கல்பட்டு அதிலிருந்து மீண்டும் பிரிந்தது. மதுராந்தகம் செங்கல்பட்டு மாவட்டத்துக்குப் போய்விட, உத்திரமேரூர் தனித் தாலுகாவாகக் காஞ்சிபுரம் மாவட்டத்தில் நின்றுவிட்டது. நூற்றைம்பது ஆண்டு பழைய தாளை இன்றைய நில வரைபடத்தின் மேல் வைத்துப் படித்தால் ஊர் தவறிப்போவதில் வியப்பில்லை.

வளைகுடாவிலிருந்தோ சிங்கப்பூர், மலேசியாவிலிருந்தோ பெருநாளுக்கு வரும் நம் பிள்ளைகளின் வருகையை நாம் நன்கு அறிவோம். அவர்களுக்கு வீடு உண்டு. வாசலில் காத்திருக்கும் பெரியம்மாவும் சாச்சாவும் உண்டு. இந்தத் தாளோடு வருகிறவர்களுக்கு அவை எதுவும் இல்லை. தாங்கள் யாருடைய பேரப்பிள்ளைகள் என்பதைச் சொல்லக்கூட ஊரில் எவரும் இல்லை. பெரும்பாலும் பள்ளிவாசலுக்கு வருவார்கள், முத்தவல்லியையோ இமாமையோ பார்ப்பார்கள், தாளைக் காட்டுவார்கள். நாம் ஒருவருக்கொருவர் பார்த்துக்கொள்வோம், தேநீர் கொடுப்போம், படம் எடுத்துக்கொள்வோம், அனுப்பிவைப்போம். அந்தத் தாள் என்ன, அது எப்படி உண்டானது, அதில் நமக்கும் பங்கு உண்டா என்பதைப் பற்றி நாம் இதுவரை போதுமான அளவு எண்ணிப்பார்க்கவில்லை. இக்கட்டுரை அதற்கான ஒரு முயற்சி.

கல்லில் எழுதப்பட்டவர்கள்

உத்திரமேரூர் எழுத்துக்குப் பேர்போன ஊர். முதலாம் பராந்தக சோழனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளை ஒட்டிப் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் இங்குள்ள வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்களில் உள்ளன. ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டு, குடத்தில் ஓலையிட்டு வாரிய உறுப்பினரைத் தேர்ந்தெடுத்த முறையை அவை விரிவாகச் சொல்கின்றன. ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம், பொன்னின் தரம் பார்க்க ஒரு வாரியம். வைரமேக தடாகம் என்று அக்காலத்தில் பெயர்பெற்ற ஊரேரியைக் காப்பது சாதாரண வேலையன்று. ஆறு பேர் அதற்காக அமர்த்தப்பட்டனர்.

இக்கல்வெட்டைப் பள்ளிப் பாடநூல் முதல் அரசியல் மேடை வரை எல்லோரும் போற்றுகின்றனர். போற்றத் தக்கதே. ஆயினும், ஓலையில் பெயர் எழுதப்படும் தகுதி எவருக்கு இருந்தது என்பதையும் அதே கல் மறைக்காமல் சொல்கிறது. கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலம் வேண்டும்; சொந்த மனையில் கட்டிய வீட்டில் குடியிருக்க வேண்டும்; வயது முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் இருக்க வேண்டும்; மறையறிவு வேண்டும். இது ஊரார் அனைவருக்குமான வாக்குரிமை அன்று. நிலமுடைய அந்தணர் சபையின் விதி. கணக்குக் காட்டாத வாரியத்தார் மட்டுமின்றி, அவருடைய சகோதரர், மாமன், மருமகன், சிற்றன்னை பெரியன்னை மக்கள் எனப் பலரும் விலக்கப்பட்டனர் என்பதையும் கவனிக்க வேண்டும். உறவுமுறைகளை இத்துணை நுணுக்கமாக அடுக்கிய அந்தக் கல்லில், ஏரிக்கரையில் மண் சுமந்தவருக்கு இடமில்லை.

ஆண்டுகள் எண்ணூறு கடந்தும் நிலைமை பெரிதும் மாறவில்லை. 1763இல் ஆற்காட்டு நவாபு முஹம்மது அலி வாலாஜா, சென்னையைச் சூழ்ந்த இப்பகுதியைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்பவர் ஏறத்தாழ இரண்டாயிரம் ஊர்களை ஊர் ஊராக அளந்து, நிலம், மரம், கிணறு, வீடு, விளைச்சலில் யார் யாருக்கு எவ்வளவு பங்கு என்பனவற்றைத் தொகுத்தார். அதற்குப் பின் வந்த வருவாய் அதிகாரிகளும் மிராசு உரிமையைப் பற்றியே ஓயாது எழுதினர். எல்லிஸ் துரை 1818இல் அதற்கென ஒரு நூலே வெளியிட்டார். 1858இல் அமைக்கப்பட்ட இனாம் கமிஷன், பள்ளிவாசல், தர்கா, காஜி பணி முதலியவற்றுக்கு விடப்பட்ட மானிய நிலங்களைப் பதிவுசெய்தது. நம் சமுதாயத்தாரின் பெயர்கள் பலவற்றை நாம் முதன்முதலில் அரசு ஏட்டில் காண்பது அந்த இனாம் பதிவேட்டில்தான். அதிலும் நிலத்தோடு தொடர்புடையவர் பெயர் மட்டுமே உண்டு.

நிலமில்லாத முஸ்லிம்கள் இப்பகுதியில் குறைவானவர்கள் அல்லர். 1801இல் கம்பெனி கர்நாடகத்தை முழுதும் எடுத்துக்கொண்டபின் நவாபின் படையையும் சேவகத்தையும் நம்பியிருந்த குடும்பங்கள் பிழைப்பை இழந்தன. அதற்கு முன்பே, 1760இல் வந்தவாசிப் போரும், 1780இல் பொள்ளிலூர்ப் போரும் இம்மண்ணை மிதித்திருந்தன. ஹைதர் அலியின் படையெடுப்பில் ஊர்கள் காலியாயின. எஞ்சியவர்கள் வண்டி ஓட்டினர், கூலிக்கு உழைத்தனர், சந்தை சந்தையாகச் சுற்றினர். குடியிருந்த குடிசையின் மண்கூட அவர்களுக்குச் சொந்தமில்லை. 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் டிரமன்ஹீர் எழுதிய அறிக்கை பறையர் சமுதாயத்தாரைப் பற்றியது. வீட்டுமனை மிராசுதாரின் கையில் இருக்கும்வரை உழைப்பவன் வாய் திறக்க முடியாது என்பதை அது ஆதாரத்தோடு காட்டிற்று. 1892இன் பஞ்சமி நில ஆணைக்கு வழிகோலியதும் அவ்வறிக்கையே. நிலமற்ற முஸ்லிமின் நிலை, தீண்டாமை என்னும் பெருங்கொடுமை நீங்கலாக, அதிலிருந்து வெகு தொலைவில் இல்லை.

தண்ணீர் கடந்தவர்கள்

1860 அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ என்னும் கப்பல், நவம்பர் 16ஆம் நாள் நேட்டாலின் டர்பன் துறையை அடைந்தது. அதில் 342 பேர் இருந்தனர். அன்று தொடங்கி 1911 வரை 152,184 இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்கு ஏற்றிச் செல்லப்பட்டனர். அவர்களுள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் சென்னைத் துறைமுகம் வழியே போனவர்கள். வட ஆற்காடும் செங்கல்பட்டும் அவர்களை மிகுதியாக அனுப்பிய ஜில்லாக்களுள் அடங்கும். முஸ்லிம்கள் பத்தில் ஒரு பங்கைத் தாண்டமாட்டார்கள். ஆயினும் பத்தில் ஒன்று என்பது பல ஆயிரம் பேர்.

ஒப்பந்தம் ஐந்தாண்டு. முதலாண்டில் மாதம் பத்து ஷில்லிங் கூலி. ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் உயரும். உணவும் தங்குமிடமும் தோட்டத்து முதலாளி பொறுப்பு. பத்தாண்டு முடிந்தால் இலவசமாகத் திரும்பி வரலாம். கரும்புத் தோட்டத்தில் நடந்தது என்ன என்பதை நாம் அறிவதற்கு முதற்காரணம், திரும்பி வந்தவர்களே. 1871இல் ‘ரெட் ரைடிங் ஹூட்’ என்னும் கப்பலில் சென்னைக்கு வந்து இறங்கியவர்கள், கூலி பிடித்தம் செய்யப்பட்டதையும் சவுக்கடி பட்டதையும் அதிகாரிகளிடம் முறையிட்டனர். அதன் விளைவாக 1872இல் நேட்டாலில் விசாரணைக் குழு அமைந்தது. அடிமைக்கு ஒப்பான நிலையிலிருந்து மீண்டு, ஊருக்குப் போகும் வழியில் நின்று, பின்னால் இருப்பவர்களுக்காகப் பேசிய அந்த மனிதர்களை நம் வரலாற்று நூல்கள் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. தாயகம் திரும்பியோர் வரலாறு என்று ஒன்று எழுதப்படுமானால், அது அவர்களிடமிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது நம் எண்ணம்.

1874இல் ஆள் ஏற்றுவது மீண்டும் தொடங்கிற்று. அடுத்து வந்தது 1876 முதல் 1878 வரையிலான தாது வருடப் பஞ்சம். செங்கல்பட்டு ஜில்லா ஏரிப்பாசனத்தை நம்பிய நாடு. மழை பொய்த்தால் வேறு புகலிடம் இல்லை. ஆள்பிடிக்கும் தரகர்களுக்கு அக்காலத்தில் அதிகம் பேச வேண்டிய தேவை இருந்திராது.

போகிறவரை மாஜிஸ்திரேட் முன் நிறுத்திப் பதிய வேண்டும் என்பது சட்டம். விருப்பத்தோடுதான் போகிறாயா என்று கேட்பார்கள். பெயர், தந்தை பெயர், ஊர், அங்க அடையாளம் எழுதிக்கொள்வார்கள். கப்பல் நேட்டாலை அடைந்ததும் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுக்கப்படும். காலனி எண் என்று அதனைச் சொல்வர். சம்பளம், விடுப்புச் சீட்டு, பிள்ளைகளின் பிறப்புப் பதிவு, ஒப்பந்தம் முடிந்ததற்கான சான்று, எல்லாம் அந்த எண்ணின் மேல்தான். இன்று டர்பனிலிருந்து வரும் தாளில் மேலே இருப்பது அந்த எண்.

கல்லும் ஓலையும் காகிதமுமாக ஆயிரம் ஆண்டுகள் நிலத்தையே எழுதிவந்த நாட்டில், நிலமற்றவனின் பெயரும் தந்தையின் பெயரும் ஊரும் உடல் தழும்பும் ஒருசேர எழுதப்பட்டது அவன் கப்பலேறிய அன்றுதான். அதை எழுதியவன் அவனை நேசித்து எழுதவில்லை. சரக்கு தவறிப்போனால் கண்டுபிடிக்க வேண்டும் என்பதற்காக எழுதினான். எனினும் அது இருக்கிறது. பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்தில் அப்பதிவேடுகள் பாதுகாக்கப்படுகின்றன. வரலாற்றாசிரியர் ஜாய் பிரெய்ன் அம்மையார் அவற்றைக் கணினியில் தேடத்தக்க பட்டியலாகத் தொகுக்க உழைத்தார். சுரேந்திர பானா 1991இல் அவற்றை ஆராய்ந்து நூல் வெளியிட்டார். இந்த உழைப்பினால்தான் பேரப்பிள்ளைகள் கையில் தாள் கிடைத்தது.

பெயர்கள் பட்ட பாடு

அந்தத் தாளை அப்படியே நம்பவும் கூடாது, தள்ளவும் கூடாது. எழுதிய குமாஸ்தா காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதினான். காதர் என்பதை ‘கேடர்’ என்று படிக்கும்படியும், முஹம்மது என்பதை ‘மஹோமெட்’ என்றும், மீரான் என்பதை ‘மீரா’ என்றும் எழுதியிருப்பான். ழகரமும் ளகரமும் அவனுக்கு ஒன்றே. சாதி என்னும் இடத்தில் பெரும்பாலும் முஸல்மான் அல்லது மஹமதியன் என்று ஒரே சொல். லெப்பையா, ராவுத்தரா, தக்கினி உருது பேசும் ஷேக்கா என்பது அதில் தெரியாது. வயது இருபது, இருபத்தைந்து என்று முழு எண்ணாக இருந்தால் அது கண்ணால் பார்த்துப் போட்ட மதிப்பீடு என்று கொள்ளலாம். கடனுக்கும் சண்டைக்கும் அஞ்சிப் பெயரை மாற்றிச் சொன்னவர்களும் உண்டு.

ஊர்ப்பெயரின் நிலை இன்னும் கடினம். உத்திரமேரூரையே எடுத்துக்கொள்வோம். சோழர் கல்வெட்டில் இது உத்தரமேருச் சதுர்வேதிமங்கலம். இக்கல்வெட்டுகளை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெளியுலகுக்கு அறிவித்த கல்வெட்டுத் துறையாரே தம் அறிக்கையில் உத்தரமல்லூர் என்று எழுதினர். வடமொழியும் தமிழும் கற்ற அறிஞர்களுக்கே இப்படியென்றால், டிப்போவில் நாளொன்றுக்கு நூறு பேரை எழுதிய குமாஸ்தாவைக் குறைசொல்லிப் பயனில்லை. ஊ என்று தொடங்கி, இடையில் டகரமும் மகரமும் வந்து, லூர் என்றோ ரூர் என்றோ முடியும் சொல்லைக் கண்டால், அதை உரக்கப் படித்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாதது காதுக்குத் தெரியும். ஊரின் முதியவர் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு படித்தால் இன்னும் நல்லது.

மூன்றாவது ஒரு சிக்கல் உண்டு. அது நம் சமுதாயத்துக்கே உரியது. நேட்டாலுக்கு இரு வகை முஸ்லிம்கள் போயினர். குஜராத்திலிருந்து மேமன்களும் சூரத் பகுதி வணிகர்களும் சொந்தச் செலவில் கப்பலேறிப் போயினர். அவர்கள் 1881இல் டர்பன் கிரே தெருவில் ஜுமுஆ பள்ளிவாசலுக்கு அடிகோலினர்; வசதி இருந்ததால் ஊருக்கு வந்துபோயினர்; பிள்ளைகளுக்குச் சொந்த ஊரிலேயே பெண் எடுத்தனர்; தாய்மொழியைக் காத்தனர். சென்னையிலிருந்து ஒப்பந்தத்தில் போனவர்களுக்கு இவற்றுள் ஒன்றும் வாய்க்கவில்லை. அவர்களையும் அவர்கள் வழித்தோன்றல்களையும் நேட்டாலில் ‘ஹைதராபாதிகள்’ என்று அழைக்கும் வழக்கம் ஏற்பட்டது. அவர்களுள் பெரும்பாலோர் ஹைதராபாத்தைக் கண்ணால் கண்டவர்கள் அல்லர். ஆற்காடு, செங்கல்பட்டு, கடப்பை முதலிய பகுதிகளைச் சேர்ந்தவர்கள். அப்பெயரில் சற்று இளக்காரமும் கலந்திருந்தது. ஹைதராபாத்தில் வேரைத் தேடித் தேடி ஓய்ந்த ஒரு குடும்பத்தின் வேர் பாலாற்றங்கரையில் இருக்கக்கூடும்.

தீன் அவர்களிடம் எப்படி நிலைத்தது என்பது தனியாக எழுதத்தக்க பொருள். டர்பனில் அடங்கியுள்ள ஷேக் அஹ்மது பாத்ஷா பீர் அவர்கள் 1860இல் ஒப்பந்தக் கூலியாகவே வந்தவர் என்று அங்குள்ள மரபு கூறும், 1894இல் மறைந்தார். மறு ஆண்டு நேட்டாலுக்கு வந்த சூஃபி சாஹிப் அவர்கள், ஏழை முஸ்லிம்களுக்கெனப் பள்ளிவாசல்களும் மத்ரஸாக்களும் அநாதை இல்லமும் அமைத்தார். அதற்கு முன்னரே தோட்டங்களில் முஹர்ரம் ஊர்வலம் நடந்தது. இந்துக்களும் பெருந்திரளாகக் கலந்துகொண்டனர். வெள்ளையர் அதைக் ‘கூலிகளின் கிறிஸ்துமஸ்’ என்று ஏளனமாகக் குறிப்பிட்டனர். பஞ்சா எடுப்பது பற்றி நம்மிடையே மார்க்க அளவில் உறுதியான மாற்றுக் கருத்து உண்டு. அதை ஒருபுறம் வைத்துவிட்டு வரலாற்றாகப் பார்த்தால், செங்கல்பட்டு, ஆற்காட்டுச் சிற்றூர்களின் வழக்கம் ஒன்று கடல் கடந்து அப்படியே போயிருந்தது என்பது அதிலிருந்து தெளிவாகிறது.

நிக்காஹும் சோதனைக்குள்ளாயிற்று. 1913 மார்ச்சில் நீதிபதி சியர்ல் அளித்த தீர்ப்பு, பலதார மணத்தை அனுமதிக்கும் மார்க்க முறைப்படி நடந்த திருமணங்கள் செல்லாது என்றது. பாய் மரியம் என்னும் முஸ்லிம் பெண்ணைக் கணவரிடம் சேரவிடாமல் நாட்டுக்குள் அனுமதி மறுத்த வழக்கு அது. ஒப்பந்தம் முடிந்து அங்கேயே தங்குவோர் ஆண்டுக்கு மூன்று பவுன் வரி கட்ட வேண்டும் என்ற 1895ஆம் ஆண்டுச் சட்டத்தோடு இந்த இழிவும் சேர, அவ்வாண்டு இறுதியில் பெரும் வேலைநிறுத்தம் வெடித்தது. 1914இல் வரியும் போயிற்று, திருமணச் சிக்கலும் ஓரளவு தீர்ந்தது.

முன்பு திரும்பி வந்தவர்களை நாம் வரவேற்ற விதம்

இங்கே சற்று நிற்க வேண்டும். ஏனெனில், திரும்பி வந்தவர்களைத் தாயகம் எப்படி நடத்தியது என்பதற்கு ஒரு பழைய கணக்கு உண்டு. அது நமக்குப் பெருமை தருவதன்று.

1927இல் இந்திய அரசும் தென்னாப்பிரிக்க அரசும் கேப் டவுனில் ஓர் உடன்பாடு செய்தன. தாயகம் திரும்ப ஒப்புக்கொள்ளும் பெரியவருக்கு இருபது பவுனும் சிறுவருக்குப் பத்துப் பவுனும், இலவசப் பயணமும் தரப்படும். அதை நம்பி ஆயிரக்கணக்கானோர் சென்னைக்குக் கப்பலேறினர். அவர்களுள் பலர் நேட்டாலிலேயே பிறந்தவர்கள். ஜூலு மொழி தெரியும். தமிழ் தட்டுத்தடுமாறிப் பேசுவர். ஊருக்குப் போனால் உறவினர் முகம் திருப்பினர். கடல் கடந்தவன், சாதி கெட்டவன் என்றனர். கையிலிருந்த பணம் சில மாதங்களில் தீர்ந்தது. பலர் சென்னை நகரின் சேரிகளில் ஒதுங்கினர். சிலர் மலாயாத் தோட்டங்களுக்கு மறுபடியும் கூலியாகப் போயினர். 1931இல் பவானி தயாள் சன்னியாசியும் பனாரசிதாஸ் சதுர்வேதியும் வெளியிட்ட அறிக்கை இந்த அவலத்தை விரிவாகப் பதிவு செய்தது.

சாதி கெடுவது என்பது நமக்கு இல்லை என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். மார்க்கத்தில் இல்லை என்பது உண்மை. நடைமுறையில், “யார் வீட்டுப் பிள்ளை?” என்ற கேள்விக்குப் பதில் சொல்ல முடியாதவனுக்கு நாம் பெண் கொடுத்தோமா, பக்கத்தில் உட்காரவைத்தோமா என்பதை அவரவர் குடும்ப நினைவில் தேடிப் பார்க்கட்டும்.

அதன்பின் கதவு அடைபட்டது. தென்னாப்பிரிக்காவின் நிறவெறிப் போக்கைக் கண்டித்து இந்தியா 1946இல் வாணிபத்தைத் துண்டித்தது. இந்தியக் கடவுச்சீட்டிலேயே அந்நாடு நீங்கலாக என்று அச்சிடப்பட்ட காலம் அது. பம்பாய்க்கும் டர்பனுக்கும் இடையே ‘கரஞ்சா’, ‘கம்பாலா’ ஆகிய கப்பல்கள் ஓடின. அதில் வந்துபோக வணிகருக்கு முடிந்தது, ஆலைத் தொழிலாளிக்கு முடியவில்லை. இந்தியர்களை நிரந்தரக் குடிமக்களாக அந்நாட்டு அரசு ஏற்றதே 1961இல்தான். 1950இன் தனிப்பகுதிச் சட்டத்தால் வீடுகளிலிருந்து பெயர்க்கப்பட்ட குடும்பங்களுக்குப் பழைய தாள்களைக் காத்துவைக்கும் நிம்மதி ஏது? 1993 நவம்பரில் தூதரக உறவு மீண்டது. மறு ஆண்டு விடுதலைத் தேர்தல் நடந்தது. நான்காம், ஐந்தாம் தலைமுறையினர் வரத் தொடங்கியது அதன் பிறகே.

தந்தை பெயர் என்னும் பத்தி

வருகிறவர்கள் நம்மிடம் எதையோ கேட்டு வருகிறார்கள் என்றே நாம் நினைத்துவருகிறோம். சொத்தில் பங்கு கேட்பார்களோ என்று அஞ்சுபவர்களும் நம்மில் உண்டு. சொத்து இருந்திருந்தால் அவர் போயிருக்கவே மாட்டார் என்பதைச் சற்று யோசித்தாலே அச்சம் நீங்கிவிடும். கிராம நிர்வாக அலுவலகத்தில் உள்ள அ-பதிவேட்டிலும் சிட்டாவிலும் தேடினால் அவர் பெயர் கிடைக்காது. கேட்கும் வீடு இருக்காது. கப்ருஸ்தானிலும் ஏழையின் கப்ருக்கு மீஸான் கல் நடப்பட்டிருந்தாலும் அதில் எழுத்து இராது.

ஆனால் அந்தத் தாளில் உள்ள ஒரு பத்தியை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். அது தந்தை பெயர். கப்பலேறியவன் மகன், தந்தை ஏறவில்லை. அவர் இங்கேயே இருந்தார்; இங்கேயே மவுத்தானார்; இங்கேயே அடக்கமானார். அவருக்கு வேறு பிள்ளைகள் இருந்திருந்தால் அவர்களின் சந்ததி இன்று நம் ஜமாஅத்தில் இருப்பவர்கள்தாம். நிலமில்லாத முஸ்லிம் ஒருவர் 1880ஆம் ஆண்டு வாக்கில் இவ்வூரில் வாழ்ந்தார் என்பதற்கு ஊரில் எந்த ஏடும் இல்லாதபோது, ஏழாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள காப்பகத்தில் அவர் பெயர் இருக்கிறது. அதாவது, வருகிறவர்கள் கொண்டுவருவது அவர்களுடைய வரலாறு மட்டுமன்று. நம்மில் பலருக்குப் பாட்டனாரின் தந்தை பெயருக்கு மேல் தெரியாது. அதற்கு மேலே உள்ள பெயரை அவர்கள் கையில் வைத்துக்கொண்டு நம் வாசலில் நிற்கிறார்கள். நாம் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுகிறோம்.

மனிதரை அவர்தம் தந்தையரின் பெயரால் அழைக்கச் சொல்லும் கட்டளை அஹ்ஸாப் அத்தியாயத்தின் 5ஆம் வசனத்தில் உள்ளது. உறவைச் சேர்த்து வாழ்வதற்குத் தேவையான அளவு வம்சத்தை அறிந்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்ததைத் திர்மிதி பதிவு செய்துள்ளது. வம்சப் பெருமை பேசுவதற்காக அன்று; உறவைச் சேர்ப்பதற்காக. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை நம் உலமாக்கள் பல முறை விளக்கியிருக்கின்றனர்.

நடைமுறையில் செய்யக்கூடியவை மிகச் சிலவே. பெரிய செலவும் இல்லை. பள்ளிவாசலில் பழைய நிக்காஹ் தப்தர் எஞ்சியிருந்தால் அதைக் கரையானிடமிருந்து காத்து, படமெடுத்து வைப்பது முதல் வேலை. தப்தர் இல்லாத இடத்தில், எழுபது வயதைக் கடந்த பெண்களிடம் உட்கார்ந்து குடும்பப் பெயர்களைக் கேட்டு எழுத வேண்டும். ஆண்கள் நிலத்தையும் வழக்கையும் நினைவில் வைத்திருப்பார்கள். யார் யாருக்கு எங்கிருந்து பெண் வந்தது என்பதைப் பெண்களே அறிவார்கள். ஊரின் பழைய பெயர்வடிவங்கள், தெருவின் பழைய பெயர், இன்று ஆளில்லாமல் போன குக்கிராமங்களின் பெயர் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிவைத்தால், குமாஸ்தாவின் எழுத்தோடு ஒப்பிட உதவும். மானியம் பெற்ற பள்ளிவாசலானால் இனாம் பதிவேட்டின் நகலை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் கேட்டுப் பார்க்கலாம். வருகிறவரின் தாளை ஒரு நகல் எடுத்து ஜமாஅத்திடம் வைத்துக்கொள்வது எல்லாவற்றிலும் எளியது. இதுவரை நாம் செய்யாததும் அதுவே.

உறவு உறுதியாகத் தெரியாத இடத்தில், வந்தவரை மகிழ்விப்பதற்காக யாரையாவது காட்டி “இவர்தான் உங்கள் சொந்தம்” என்று சொல்லிவிடும் வழக்கம் சில ஊர்களில் தலைகாட்டுகிறது. அது நன்மையன்று. ஊர் இதுதான், ஆள் யாரென்று தெரியவில்லை என்று சொல்வது நேர்மை. கப்ருஸ்தானுக்கு அழைத்துச் சென்று, இங்கு அடங்கியுள்ள அனைவருக்குமாக துஆ செய்ய வைப்பதே அவர்களுக்கும் போதுமானதாக இருக்கும். அவர் தேடிவந்தவர் அந்த மண்ணில்தானே எங்கோ இருக்கிறார்.

1998, 1999, 2000 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் ரமளான் நோன்பு டிசம்பரில் வந்தது. கதவு திறந்த சில ஆண்டுகளிலேயே அவர்களுடைய நீண்ட விடுமுறையும் நம் நோன்பும் ஒன்றுசேர்ந்தன. அப்போது நாம் ஆயத்தமாக இல்லை. சந்திர ஆண்டு சுற்றிவந்து 2030, 2031, 2032ஆம் ஆண்டுகளில் நோன்பு மீண்டும் டிசம்பருக்கு வருகிறது, இன்ஷா அல்லாஹ். அன்று மஃரிபுக்கு முன் நோன்புக் கஞ்சிக்கு உட்காரும் வரிசையில் டர்பனிலிருந்து வந்த ஒருவர் இருந்தால், சாப்பிட்டு முடித்தபின் அவருடைய காலனி எண்ணையும் தாளில் உள்ள தந்தையின் பெயரையும் கேட்டுத் தப்தரின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொள்ள ஒருவர் வேண்டும். அதற்குள் அந்தத் தப்தரைத் தேடி எடுத்துத் தூசு தட்டிவைக்க நமக்குக் காலம் இருக்கிறது.